மவுஸை ஆட்டிக்கிட்டே இரு, இசக்கி

ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துக்கிடட்டுமா அண்ணாச்சி? வாந்தி எல்லாம் எடுக்க மாட்டேன். கையில ஒரு சாமான் இருக்கு, நடைபாதைப் பக்கம் இருந்தா போறவன் வர்றவன் இடிப்பான். அதான். ரொம்ப சந்தோஷம்.

சீட்டு கொடுத்ததுக்குச் சும்மா இருக்க மாட்டேன். உங்களைச் சிரிக்க வைக்கிறேன். திருமங்கலம் டோல்கேட் வர்றதுக்குள்ள நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கணும். சிரிக்கலன்னா என் பேரு கிளாட்வின் இல்ல, எங்க அப்பாகிட்ட சொல்லி வேற பேரு வச்சுக்கிடுறேன்.

சிரிப்பு இந்த டப்பாக்குள்ள இருக்கு. கடலைமிட்டாய் டப்பாதான், ஆனா உள்ள கடலைமிட்டாய் இல்ல. போன். இப்பவே காட்டுன்னா காட்ட முடியாது. பழைய போன், செத்த பேட்டரி. ஆன் பண்ணினா இருபது நிமிஷம் தாங்கும், அதுக்கு மேல ஜெபம் பண்ணினாலும் தாங்காது. அதுவும் போக, கதை தெரியாம பார்த்தா உங்களுக்கு இது வெறும் பழைய போன். கதை தெரிஞ்சு பார்த்தா பஸ்ஸை நிறுத்தச் சொல்லுவீங்க. அதனால பொறுங்க. முதல்ல சாத்தூர் தாண்டட்டும்.

நீங்க மோட்டார் காயில் கட்டுறவருதானே? எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, வார்னிஷ் வாசனை. விரல்ல கம்பி அறுத்த தழும்பு. மதுரைக்குக் காப்பர் கம்பி வாங்கப் போறீங்க. ம்? பேரிங்கா? சரி, பேரிங். பாதி சரியாச் சொல்லிட்டேன்ல. எனக்குக் கண்ணும் காதும் அப்படி. ஒரு ஆளை அஞ்சு நிமிஷம் பார்த்தா போதும், அப்படியே செஞ்சு காட்டிருவேன். நம்ம கண்டக்டரைக் கேளுங்க: “சாத்தூர், விருதுநகர் ஏறு, இடையில நிக்காது, நின்னா இறங்காத.” பார்த்தீங்களா, அவரே திரும்பிப் பார்க்கிறாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர், கடைசி வருஷம். கடைசி வருஷம்னா புராஜெக்ட் செய்யணும், ரெண்டு ரெண்டு பேரா. எங்க துறைத் தலைவர் தெய்வசிகாமணி சார். அவரு எந்தப் பேச்சையும் ‘அதாவது’ இல்லாம ஆரம்பிக்க மாட்டார், ‘அதாவது’ இல்லாம முடிக்கவும் மாட்டார். நடுவுல இருக்கிற சரக்குதான் கொஞ்சம் கம்மி. ஒருநாள் வகுப்புல வந்து நின்னாரு. கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினாரு. “அதாவது, எத்தனை நாளைக்கு நாம அடுத்தவன் சமைச்சதையே தின்னுக்கிட்டு இருக்கிறது? ஒரு போனுக்குள்ள ஓடற ஆபரேட்டிங் சிஸ்டத்தை நாமளே சமைச்சுப் பார்த்தா என்ன அதாவது?”

ஆபரேட்டிங் சிஸ்டம்னா உங்க பாஷையில சொல்றேன். போன் வெறும் இரும்புக் கூடு. அதுக்குள்ள சுத்துற காயில்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். காயில் இல்லாத மோட்டார் என்னத்துக்கு ஆகும்? அந்தக் காயிலைக் கம்பெனிக்காரன் கட்டித் தர்றான், நாம வாங்கிக்கிடுறோம். ஆனா அதை எழுதின மூல புரோகிராம் இருக்கு பாருங்க, சோர்ஸ் கோடும்பாங்க, அது நெட்ல எல்லாருக்கும் திறந்து கிடக்குது. லட்சக்கணக்கான ஃபைல். அதை முழுசா இறக்கணும். நல்ல கம்ப்யூட்டர்ல போட்டு, கட்டுன்னு உத்தரவு போடணும். அது மணிக்கணக்கா உட்கார்ந்து கட்டும். நடுவுல எங்கயாவது ஒண்ணு ஒத்துக்கலன்னா, தொண்ணூத்தேழு சதவீதத்துல வந்து நின்னுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிடும். எல்லாம் சரியா வந்தா கடைசியில ஒரு ஃபைல் கொடுக்கும். அதைப் போன்ல ஏத்தினா, போன் நீ கட்டினதுல ஓடும். இதுக்குப் பேரு பில்டு.

நீங்க காயில் கட்டி முடிச்சா மோட்டார் உள்பக்கம் உங்க பேரும் தேதியும் பெயின்ட்ல எழுதுவீங்க இல்ல? நாளைக்குச் சண்டைக்கு வந்தா யாரு கட்டினதுன்னு தெரியணுமே. இதுலயும் அப்படித்தானாம். யாரு கட்டினாலும் அவங்க பேரும் தேதியும் தானா உள்ள விழுந்துருமாம். சார் வகுப்புல சொன்னாரு. நான் அன்னைக்கு அவர் மூக்கைத்தான் கவனிச்சுக்கிட்டு இருந்தேன், மூக்கை வச்சுத்தான் அவர் குரல் வருது. அது மட்டும் எப்படியோ காதுல விழுந்துச்சு.

அந்த வேலை யாருக்கு வந்துச்சுன்னா எனக்கும் இசக்கிக்கும். இசக்கி எட்டயபுரத்துக்கு அங்கிட்டு ஒரு ஊருப் பொண்ணு. நாலு வார்த்தைக்கு மேல பேசினா வாய் தேஞ்சு போயிரும்னு யாரோ சொல்லி வளர்த்திருக்காங்க. என்ன சொன்னாலும் ஒரே பதில். தலையை இப்படிச் சாய்ச்சு, குரலை உள்ள இழுத்து: “சரி கிளாட்வின்.” மழை பெய்யுது இசக்கி. “சரி கிளாட்வின்.” கட்டடம் இடியுது இசக்கி. “சரி கிளாட்வின்.” நல்லா வருதுல்ல? எனக்கு வர்ற குரல்லயே அதுதான் சுலபம்.

அவளை நான் ஏமாத்துறது இது ஒண்ணும் முதல் தடவை இல்ல. ரெண்டாம் வருஷம் பரீட்சைக்கு முந்தின நாள், தெய்வசிகாமணி சார் குரல்ல அவளுக்குப் போன் போட்டேன். “அதாவது, உன் ஹால் டிக்கெட்டுல போட்டோ மாறிப்போச்சு. ரெண்டு மணிக்குள்ள நேர்ல வரலன்னா நாளைக்குப் பரீட்சை எழுத முடியாது அதாவது.” அவ ஊருக்கு மத்தியானம் பஸ் கிடையாது. மெயின்ரோடு வரைக்கும் நடந்து, ஏதோ லோடு ஆட்டோவுல தொத்தி, ஒண்ணு அம்பத்தஞ்சுக்கு வந்து சேர்ந்தா. ஒத்தைச் செருப்போட. இன்னொண்ணு எங்கயோ அறுந்து போச்சு. சார் ரூம் வாசல்ல வந்து மூச்சு வாங்குறா, சார் முழிக்கிறார், வராண்டா முழுக்க நாங்க நிக்கிறோம்.

சிரிக்கலையா? சரி, நேர்ல பார்த்திருந்தா சிரிச்சிருப்பீங்க.

அவ அழுவான்னு பார்த்தேன். அழல. என்னை ஒரு பார்வை பார்த்தா. “சரி கிளாட்வின்”ன்னா. போயிட்டா. அவ்வளவுதான் அவ கோபம். சாருக்கும் அவர் குரல்ல பேசினது நான்தான்னு தெரிஞ்சுபோச்சு. அவரும் திட்டல, பெரிய மனுஷன். “அதாவது, நல்லாப் பேசியிருக்கே”ன்னு மட்டும் சொன்னாரு.

சாத்தூர் வந்தாச்சு. வெள்ளரிக்காய் வேணுமா அண்ணாச்சி? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். பேசுற வாய்.

எங்க விட்டேன்? பில்டு. இவ்வளவு பெரிய வேலையை எவன் செய்வான்? நான் என்ன செஞ்சேன்னா, நாப்பத்தோரு வரியில ஒரு புரோகிராம் எழுதினேன். அது எதையும் கட்டாது. கட்டுற மாதிரி நடிக்கும். நெட்ல எவனோ போட்டிருந்த நிஜ பில்டோட ஓட்டத்தை எடுத்து, கருப்புத் திரையில பச்சை எழுத்துல சரசரன்னு மேல ஓட விடும். நடுநடுவுல நிக்கும், யோசிக்கிற மாதிரி. கீழ ஒரு பட்டை, பக்கத்துல சதவீதம். ஒரு பட்டனை அமுக்கினா ஒரு சதவீதம் ஏறும். நான் அமுக்கினா மட்டும்தான் ஏறும். ஆபரேட்டிங் சிஸ்டம் முழுக்க என் ஆள்காட்டி விரல்ல இருந்துச்சு.

தினமும் பதினோரு மணிக்கு சார் லேபுக்கு வருவார். செருப்புச் சத்தம் கேட்டதும் மூணு தட்டு. “அதாவது, என்னப்பா, வெந்துச்சா?” “நாப்பது சார்.” “நேத்து முப்பத்தேழு, இன்னைக்கு நாப்பது. அதாவது, முன்னேற்றம் அதாவது.” கேட்கிறது என்னவோ என்கிட்ட, ஆனா பார்க்கிறது அவளைத்தான். மாறுகண்ணோ என்னமோ. இவர் போய் பிரின்சிபல்கிட்ட சொல்ல, அவர் காலையில பிரேயர்ல மைக்கைப் பிடிச்சு, “மாணவச் செல்வங்களே, நமது இயங்குதளம் இன்று ஐம்பத்திரண்டு விழுக்காடு”ங்கிறார். எழுநூறு பேரு கை தட்டுறான். கேன்டீன்ல டீ மாஸ்டர், “தம்பி, அம்பத்திரண்டா?”ன்னு கேட்டுட்டுத்தான் டீயை ஆத்துறார். நான் ஒருத்தன், விரல் ஒண்ணு, ஒரு காலேஜே ஆடுது. இப்பவாவது கொஞ்சம் சிரிக்கலாம் அண்ணாச்சி.

இசக்கியை என்ன செய்யிறது? அவ பக்கத்துல இருந்து பார்த்தா கண்டுபிடிச்சிருவாளோன்னு ஒரு சின்ன பயம். அதுக்கும் ஒரு வழி பண்ணினேன். அதுதான் எனக்கே ரொம்பப் பிடிச்சது. அவளைக் கூப்பிட்டு, முகத்தை இப்படி வச்சுக்கிட்டுச் சொன்னேன்: “இந்த மெஷின் பத்து நிமிஷம் சும்மா இருந்தா தூங்கிரும். தூங்கினா பில்டு செத்துப்போகும். மறுபடி பூஜ்யத்துல இருந்து. அதனால காலையில பத்துல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் நீ இங்கயே உட்காரணும். வேற எதையும் தொடாத. மவுஸை ஆட்டிக்கிட்டே இரு, இசக்கி.”

“சரி கிளாட்வின்.”

உட்கார்ந்தாளே. பன்னெண்டு நாள் அண்ணாச்சி. வலது கையில மவுஸு, இடது பக்கம் ஒரு நோட்டு, மானிட்டர்ல சாய்ச்சு வச்ச அவ போன், மணி பார்க்க. நான் வெளியில இருந்து ஜன்னல் வழியா பசங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுவேன். கை ஆடுது பாரு, தாளம் போடுற மாதிரி. போறப்ப வர்றப்ப எல்லாம் உள்ள தலையை நீட்டி ஒரு தடவை சொல்லிட்டுப் போவேன்: மவுஸை ஆட்டிக்கிட்டே இரு, இசக்கி. கதவுல வேற நானே ஒரு அட்டை எழுதி ஒட்டிட்டேன், ‘பில்டு ஓடுகிறது, யாரும் வராதீர்கள், தொடாதீர்கள்’ன்னு. வேற எவனாவது உள்ள போய் அவகிட்ட விஷயத்தை உடைச்சிட்டா என் உழைப்பு போச்சே. லேப்லயே நல்ல கம்ப்யூட்டர் அது ஒண்ணுதான், பழைய மாணவர் ஒருத்தர் கொடுத்தது. அதைப் பன்னெண்டு நாள் ஒருத்தி மவுஸ் ஆட்டுறதுக்கு ஒதுக்கிக் கொடுத்தது நான்.

அவ பண்ணின கூத்தையும் கேளுங்க. ரெண்டாவது நாள் ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்து சொருகியிருந்தா. என்னதுன்னு கேட்டேன். “அக்கா கல்யாண வீடியோ. அத்தான் பெங்களூர்ல இருந்து கொடுத்துவிட்டாங்க. காப்பி பண்றேன்.” எவ்வளவுன்னு பார்த்தா முந்நூறு ஜி.பி. எனக்குச் சிரிப்பு தாங்கல. முந்நூறு ஜி.பி.க்கு என்ன கல்யாணம்? பந்தியில இட்லி இட்லியா எண்ணி எடுத்திருப்பாங்களோ? நீங்களும் அதையேதான் கேட்கிறீங்க. அதான் சொல்றேன், அந்தக் குடும்பமே அப்படி.

அப்புறம் அந்த மெஷினு. என் நாப்பத்தோரு வரிக்கு அது கத்தின கத்து இருக்கே. ஃபேன் சத்தம் வராண்டா வரைக்கும் கேட்கும். பக்கத்துல போனா அனல். ஊஊஊன்னு, இப்படி. சுத்தியுள்ள பசங்க, “ஏலே, சமையல் சூடாத்தான் இருக்கு”ம்பானுங்க. எனக்கு அதுவும் வசதிதான், பார்க்கிறவனுக்கு நிஜம் மாதிரி இருந்துச்சு. என்ன சொல்றீங்க? லோடு இல்லாம மோட்டார் சூடாகாதா? அது உங்க மோட்டாருக்கு அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்கு அப்படி எல்லாம் இல்ல. தூசி. உள்ள தூசி அடைஞ்சா சும்மாவே கத்தும்.

ஒருநாள் அவ வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டா. நாலு வார்த்தைக்கு மேல, அதனால எனக்கு ஞாபகம் இருக்கு. “கிளாட்வின், பாதியில மெமரி பத்தலன்னு சொல்லி நின்னுபோகுது, என்ன பண்ணலாம்?” என் வரியில அப்படி ஒண்ணு நான் எழுதவே இல்ல. பாவம், ஓடற எழுத்துல எதையோ பார்த்து எதையோ படிச்சிருக்கா. நான் சார் குரல்ல சொன்னேன், “அதாவது, கம்ப்யூட்டர் காதுல போய் மன்னிச்சுக்கோன்னு சொல்லு அதாவது.” அவ சிரிக்கக்கூட இல்ல. நேரா சார்கிட்டயே போயிட்டா. அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? தன்னோட ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டரைக் கழட்டி, அதுல இருந்த மெமரியைப் பிடுங்கிக் கொண்டு வந்து தன் கையாலயே இதுல மாட்டிவிட்டாரு. என் நாப்பத்தோரு வரிக்கு. அதுக்கப்புறம் அவர் ரூம் கம்ப்யூட்டர் ஒரு லெட்டர் திறக்கிறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம்.

இன்னொரு நாள் கரண்டு போச்சு. ரெண்டு நிமிஷம்தான். என் பட்டைக்கு என்ன வந்துச்சு? மறுபடி ஆன் பண்ணி விரலால தட்டினா அம்பத்தெட்டு. ஆனா இவ குழாயடிக்குப் போய் மூஞ்சியைக் கழுவிட்டு வர்றா, கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு. ஒரு பொய்ப் பட்டை நின்னதுக்கு ஒருத்தி அழுது நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். பசங்ககிட்ட அதை நடிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. உங்களைத்தான் ஒண்ணும் பண்ண முடியல.

விருதுநகர் தாண்டிட்டோம், இனிமேதான் விஷயமே. இன்னைக்கு மதுரையில ஒரு என்ஜினியரிங் காலேஜ்ல போட்டி. முப்பது காலேஜ்ல இருந்து வர்றாங்க. அங்க ஜட்ஜுங்க போடற மார்க்தான் எங்க புராஜெக்ட் மார்க். அது வந்தாத்தான் டிப்ளமா. டிப்ளமா வந்தாத்தான் ஜூலையில ஓசூர்ல எனக்கு வேலை, லெட்டர் வீட்டுல இருக்கு, அம்மா பைபிளுக்குள்ள வச்சிருக்கா. அதனால மார்க்கு விஷயத்துல நான் விளையாட மாட்டேன். எங்க மாமாவோட பழைய போன் ஒண்ணு இருந்துச்சு, அதாவது இதுதான். ஐயோ, எனக்கே ‘அதாவது’ வருது. இந்தப் போன்ல சுவர்ப்படத்தை மாத்தி, ஐகானை எல்லாம் மாத்தி, காலேஜ் பேரைப் போட்டு, புதுசா கட்டின மாதிரி அலங்காரம் பண்ணிட்டேன். பொண்ணு பார்க்க வந்தவனுக்குப் பக்கத்து வீட்டு நகையைப் போட்டுக் காட்டுற மாதிரி. மேடையில ஏறி நான் பேசினா ஜட்ஜுங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பேச்சுக்கே பாதி மார்க்.

மார்க் போட்டு முடிச்ச பிறகுதான் என் வேலை. “கடைசியா ஒரு சின்ன விஷயம்”னு சொல்லி போனை அணைச்சு, மைக்குக்குப் பக்கத்துல வச்சு, மறுபடி ஆன் பண்ணுவேன். போன் திறக்கிறப்ப முதல்ல ஒரு படம் ஓடும் பாருங்க, அந்த இடத்துல நான் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். தெய்வசிகாமணி சார் கார்ட்டூன், நெத்தியில கண்ணாடி, கையில கரண்டி, முன்னாடி ஒரு பெரிய அண்டா. அவரு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, என் குரல்ல, அவர் குரல்ல, “அதாவது, வெந்துச்சா?”ம்பாரு. அண்டாவுக்குள்ள இருந்து இசக்கி தலையை நீட்டி, மவுஸை ஆட்டிக்கிட்டே, “சரி கிளாட்வின்”பா. முந்நூறு பேரு. சாரும் முன்வரிசையில. அவளும்.

அவளா? ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. சரின்னு சொல்லிட்டுப் போயிருவா.

இதுல இன்னொரு வேடிக்கை. போன வாரம் இந்தப் போனை அவகிட்டயே கொடுத்து வச்சிருந்தேன். சார்தான் சொன்னார், “அதாவது, சார்ஜ் போட்டு, காலேஜ் ஸ்டிக்கர் ஒட்டி, இசக்கி பத்திரமா வச்சிருக்கட்டும்”னு. நேத்து மத்தியானம் திருப்பிக் கொடுத்தா. கூடவே ரிப்போர்ட்டு. எழுபது பக்கம். நடக்காத வேலைக்கு எழுபது பக்கம் எழுதியிருக்கா அண்ணாச்சி, படம் எல்லாம் போட்டு. கடைசிப் பக்கத்துல ‘அவரவர் செய்த பங்கு’ன்னு தலைப்பு, கீழ கையெழுத்துப் போடச் சொன்னா. எழுபது பக்கத்தை எவன் படிக்கிறது? போட்டுக் கொடுத்துட்டேன். சாரும் அவளும் காலையிலேயே காருல போயிட்டாங்க, அவளுக்கு ஏதோ முன்னாடியே பதிவு பண்ணணுமாம். என்கிட்ட சார், “நீ மெதுவா பஸ்ல வா. போனை வழியில ஆன் பண்ணாத, பேட்டரி போயிரும். மேடையில நீதான் ஆன் பண்ணணும். நீயேதான் அதாவது”ன்னாரு. தோள்ல வேற தட்டினாரு. எனக்கே ஒரு செகண்டு பாவமா இருந்துச்சு.

சரி, டப்பாவைத் திறக்கிறேன். ஒரு தடவை ஆன் பண்ணி அணைச்சா ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு வாக்கு கொடுத்திருக்கேனே. கிட்ட வாங்க, சத்தம் நல்லா வச்சிருக்கேன். இந்தப் பட்டனை அமுக்கினா முதல்ல அண்டா வரும், கரண்டி வரும், பாருங்க.

என்ன, கருப்பாவே இருக்கு. ஸ்டிக்கரை ஒட்டுறேன்னு எதையாவது அமுக்கித் தொலைச்சாளோ? இருங்க. வருது.

“மவுஸை ஆட்டிக்கிட்டே இரு, இசக்கி. நிறுத்தினா பில்டு செத்துப்போகும்.”

இது யாரு?

எவனோ பேசி வச்சிருக்கான். பின்னாடி ஒரு கெக்கெக்கேன்னு சிரிப்பு வேற. யாரோ என்னை மாதிரி பேசிப் பார்த்திருக்கான் அண்ணாச்சி. சுமாராத்தான் இருக்கு. மூக்கு கொஞ்சம் அதிகம், கடைசியில குரல் கீச்சுன்னு போகுது. நான் இப்படியா பேசுறேன்? எங்க, மறுபடி வருது.

“மவுஸை ஆட்டிக்கிட்டே இரு, இசக்கி.”

முன் சீட்டுக்காரங்க ஏன் திரும்பிப் பார்க்கிறாங்க? நான் வாயைத் திறக்கவே இல்லீங்க. போன்தான்.

நீங்க என்ன அண்ணாச்சி சொல்றீங்க? அது என் குரலேதானா? இல்ல. சிரிப்பும் என்னுதா? நான் அப்படி எப்பச் சிரிச்சேன்? அந்த ஜன்னல் பக்கம்... அவ போன் மானிட்டர்ல சாஞ்சுக்கிட்டு... மணி பார்க்கத்தானே வச்சிருந்தா.

சரி, அது கிடக்கட்டும். குரலை மாத்தி வச்சிருக்கா, விளையாட்டு. நான் போட்ட அலங்காரம் உள்ள அப்படியே இருக்கும். இதோ திறந்துருச்சு. இது என் சுவர்ப்படம் இல்லையே. ஐகானும் என்னுது இல்ல. எல்லாம் தமிழ்ல இருக்கு. தொட்டா வழுக்கிக்கிட்டுப் போகுது, மாமா வச்சிருந்தப்ப இந்தப் போன் இப்படி ஓடினதே இல்ல. பேட்டரி வேற தொண்ணூத்தஞ்சுன்னு காட்டுது, பேட்டரியும் புதுசு மாட்டியிருக்கா போல.

என்னது? பேரு எங்க இருக்குன்னா? எந்தப் பேரு? கட்டினவங்க பேரா. நான் சொன்னதை வச்சுக்கிட்டே என்னைக் கேட்கிறீங்க. இருங்க, பார்க்கிறேன். அமைப்புகள். கீழ போனா, போனைப் பற்றி. அதுக்குள்ள பில்டு நம்பர்னு ஒரு வரி. இதுதான். இ, என், ஜி. புள்ளி. அப்புறம்... இசக்கி. புள்ளி. அப்புறம் தேதி. பிப்ரவரி பதினெட்டு.

பதினெட்டாம் தேதி என் பட்டை அறுபத்தோரு சதவீதம். அன்னைக்கு நான் பசங்களைக் கூட்டிட்டு வந்து ஜன்னல் வழியா அவ கை ஆடுறதைக் காட்டினேன். அன்னைக்குத்தான் ஃபேன் திடீர்னு சத்தத்தைக் குறைச்சுது. தூசி போயிருச்சுன்னு நினைச்சேன்.

முந்நூறு ஜி.பி.

அது கல்யாணமே இல்ல அண்ணாச்சி, சோர்ஸ் கோடு. அந்த ரிப்போர்ட்டுல கடைசிப் பக்கத்துல ‘கிளாட்வின்’னு போட்டு நேரா ‘41 வரிகள்’னு ஏதோ டைப் பண்ணியிருந்த மாதிரி ஒரு ஞாபகம். கையெழுத்துப் போடுற அவசரத்துல பார்த்தேன். மேடையில ஏறி நீயேதான் ஆன் பண்ணணும்னு சார் தோளைத் தட்டினாரு பாருங்க, அதாவது... போகாம விட்டா மார்க் இல்ல. போனா ஆன் பண்ணணும். மைக்குக்குப் பக்கத்துல வச்சு.

என்ன அண்ணாச்சி, உடம்பு குலுங்குது? கண்ணைத் துடைக்கிறீங்க. வயித்தைப் பிடிக்கிறீங்க.

அந்தா டோல்கேட் தெரியுது. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்.